தண்ணீரில் ஹார்மோன்: டெஸ்ட் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் இங்கிலாந்து ஆறுகளைப் பற்றி எழுதியிருந்தோம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே வாழ்ந்த ஆண் மீன்களின் ரத்தத்தில், பெண் மீன்களுக்கு மட்டுமே வர வேண்டிய முட்டைக்கருப் புரதம் இருந்தது. விரைக்குள்ளேயே முட்டைச் செல்கள் இருந்த மீன்கள் பல ஆறுகளில் சிக்கின. காரணம் தேடிப் போனவர்கள், மனிதச் சிறுநீரில் வெளியேறும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்களையும் கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ராடையோலையும் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: "எங்கள் தண்ணீரில் இருக்கிறதா, எப்படிப் பார்ப்பது?" அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிணற்று நீரை ஒரு தனியார் லேபில் கொடுத்தோம். ஈஸ்ட்ராடையோல், பிஸ்பீனால் ஏ இரண்டுக்கும் 'பி.டி.எல்.' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியென்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? சங்கக் கூட்டத்தில் சொல்லிவிடலாமா? – வாசகர், போரூர், சென்னை

பாதியைச் சொல்லலாம், மீதியைச் சொல்லாதீர்கள். பி.டி.எல். என்றால் அந்த லேபின் முறையால் பார்க்க முடிகிற குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் அடியில், சின்ன எழுத்தில், இரண்டுக்குமே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் இருந்து கசிந்து ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பிஸ்பீனால் ஏ-வுக்கு இது பரவாயில்லை. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு 2.5 மைக்ரோகிராம், ஆகவே வரம்புக்குள் இருக்கிறது என்று கூட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

உடலே சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான ஈஸ்ட்ராடையோலின் கதை வேறு. அதே ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் குடிநீர்க் கண்காணிப்புப் பட்டியலில் அதைச் சேர்த்து, லிட்டருக்கு 1 நானோகிராம் என்ற வழிகாட்டு அளவைக் கொடுத்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது 1,000 நானோகிராம். சுத்திகரிக்காத சாக்கடையிலேயே ஈஸ்ட்ராடையோல் பொதுவாகச் சில பத்து நானோகிராம் அளவில்தான் இருக்கும். ஆக, உங்கள் கிணற்று நீருக்குப் பதிலாகச் சாக்கடை நீரையே பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருந்தாலும் இந்த லேப் பி.டி.எல். என்றுதான் எழுதியிருக்கும். காசு வாங்கிக்கொண்டு இப்படிப்பட்ட டெஸ்ட்டைச் செய்து கொடுப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

ஒரு நானோகிராம் எவ்வளவு சின்னது என்று கேட்டால், உங்கள் பக்கத்து ஏரியை வைத்தே கணக்குப் போடலாம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பி வழியும்போது அதில் 103 கிராம் ஈஸ்ட்ராடையோலைக் கரைத்தால் லிட்டருக்கு 1 நானோகிராம் வரும். எத்தினைல் ஈஸ்ட்ராடையோலுக்கு இன்னும் மோசம்: ஆறு, ஏரிகளைக் கண்காணிக்க 2015-இல் ஐரோப்பாவில் கேட்ட கண்டறியும் அளவு 0.035 நானோகிராம். அந்த ஏரிக்கு 4 கிராமுக்கும் கீழே. அங்கேயே பல ஆய்வகங்கள் இதை எட்ட முடியாமல் திணறின.

அடுத்த முறை பணம் கட்டும் முன்பு லேபில் கேளுங்கள்: நம்பி எண் சொல்லக்கூடிய குறைந்த அளவு எத்தனை நானோகிராம், சுத்தமான நீரை வைத்து ஓட்டிய 'பிளாங்க்' என்ன காட்டியது, தெரிந்த அளவைக் கலந்து பார்த்தபோது எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் சாம்பிளைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் 40 காட்டுகிறது. இதில் ஹார்மோன் இருக்க வாய்ப்பில்லைதானே? – வாசகி, கோவை

மீட்டர் அதைப் பற்றி எதுவுமே சொல்லாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பை மதிப்பிடுகிறது. ஈஸ்ட்ரோஜன்கள் குடிநீரில் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகளாகவே இருக்கும், அதோடு மீட்டர் காட்டும் 40 என்பது லிட்டருக்கு 40 மில்லிகிராம், நாம் தேடுவது அதில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. ஆர்.ஓ. சவ்வும் அதற்கு முன்னால் இருக்கும் கார்பனும் ஹார்மோன்களைப் பெருமளவு பிடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கார்பன் ஃபில்டரைக் காலத்தில் மாற்றியிருக்க வேண்டும், அதையும் மீட்டர் உங்களுக்குச் சொல்லாது.

காய்ச்சினால் போய்விடுமா? – வாசகர், கும்பகோணம்

போகாது. கிருமி சாகும், ஹார்மோன் ஆவியாகாது. நீர் வற்ற வற்ற அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்குத் தாமிரபரணியில் பிஸ்பீனால் ஏ, நோனைல்ஃபீனால், ஈஸ்ட்ரோன் அளக்க ஆசை. கல்லூரியில் எல்.சி.எம்.எஸ். இல்லை, ஜி.சி.எம்.எஸ். மட்டும் இருக்கிறது. முடியுமா? சாம்பிள் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – மாணவி, திருநெல்வேலி

முடியும். இரண்டுமே கலவையைப் பிரித்து, எடை பார்த்து அடையாளம் காணும் கருவிகள்தான்; எல்.சி. திரவத்தில் பிரிக்கும், ஜி.சி. வாயுவில் பிரிக்கும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் ட்ரைக்ளோசான், பாராபென்கள், கார்பமசெபின் ஆகியவற்றை ஜி.சி.எம்.எஸ். வைத்துத்தான் அளந்தார்கள். நீங்கள் தேடும் மூன்றும் (பிஸ்பீனால் ஏ, டிடர்ஜென்ட் சரக்கில் இருந்து வரும் நோனைல்ஃபீனால், உடல் சுரக்கும் ஈஸ்ட்ரோன்) பீனால் வகை, அப்படியே ஜி.சி.யில் ஏற்றினால் சரியாக வராது, அதனால் பி.எஸ்.டி.எஃப்.ஏ. போன்ற சிலைல் வினைபொருளைச் சேர்த்து சூடாக்கி மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குப்பியில் துளி ஈரம் இருந்தாலும் வினை கெட்டுவிடும், நன்றாக உலர்த்துங்கள். கருவி பற்றிய கவலை இவ்வளவு போதும். உங்கள் வேலை கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் ஆற்றங்கரைதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம். 1980-களின் இறுதியில் பாஸ்டனில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மட்டுமே பெருகும் செல்கள், கொடுக்காத தட்டிலும் பெருக ஆரம்பித்தன. ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் குற்றவாளியைப் பிடித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய சோதனைக் குழாயின் பிளாஸ்டிக்கில் இருந்து கசிந்த நோனைல்ஃபீனால். 1991-இல் அதை வெளியிட்டார்கள். 1993-இல் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு குழு, ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் சூடாக்கிய பாலிகார்பனேட் குடுவையில் இருந்து பிஸ்பீனால் ஏ தண்ணீருக்குள் இறங்குவதைக் கண்டது. நீங்கள் அளக்கப்போகிற மூன்றில் இந்த இரண்டும் இப்படி ஆய்வகச் சாமானில் இருந்தே வந்து மாட்டியவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், ஒரு லிட்டர். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், டிடர்ஜென்ட்டிலேயே நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் (பிறகு நோனைல்ஃபீனாலாகச் சிதையும் சோப்புப் பொருள்) இருக்கக்கூடும். வெந்நீர், காய்ச்சி வடித்த நீர், பிறகு மெத்தனால். அப்புறம் மஃபிள் ஃபர்னஸ் என்ற ஆய்வக உலையில் 400 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து எடுங்கள், ஒட்டியிருக்கிற கரிமப் பொருள் எரிந்துபோகும். மூடியை அப்படிச் சுட முடியாது, அதனால் பாட்டில் வாயில் சுட்ட அலுமினியத் தாளை வைத்து மேலே மூடியைத் திருகுங்கள். வடிகட்டுவதற்கும் இதே போல் சுட்ட கண்ணாடி இழை ஃபில்டர். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும், வினைல் கையுறையில், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட் நிறைய இருக்கும். அன்றைக்குக் கைக்கு கிரீம், சன்ஸ்கிரீன் எதுவும் வேண்டாம். போகிற வழியில் டீக்கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ கொடுக்கும் அந்த வழவழப்பான பில் இருக்கிறதே, அந்த வெப்பத்தாளின் பூச்சிலேயே பிஸ்பீனால் ஏ இருக்கக்கூடும், அதைத் தொட்ட விரலோடு பாட்டில் வாயைப் பிடித்தால் ஆற்றில் இல்லாதது உங்கள் ரிப்போர்ட்டில் வந்துவிடும்.

இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மேலே பாபநாசத்தில் ஒன்று, நகரத்துக்குள் நுழையும் முன்பு ஒன்று, நகரம் தாண்டி சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேரும் முன்பு ஒன்று. சிற்றாறு கலந்த பிறகு எடுத்தால் அந்த நீரும் சேர்ந்துகொள்ளும், நகரம் எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கரையோரம் துணி துவைக்கிற படித்துறையில் எடுக்காதீர்கள். நீரோட்டம் உள்ள இடத்தில், மேற்பரப்பின் நுரை ஏறாதபடி, பாட்டிலை நீருக்குள் இறக்கி, ஓட்டத்துக்கு எதிராக வாயைக் காட்டி நிரப்புங்கள். கழிவுநீர் நேரத்துக்கு நேரம் மாறும், காலையில் ஊரே குளித்துத் துவைக்கும் நேரத்து நீரும் மதிய நீரும் ஒன்றாக இருக்காது. முடிந்தால் ஒரே இடத்தில் நாள் முழுக்க இடைவெளி விட்டு எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். கோடையில் ஒரு சுற்று, மழைக்குப் பிறகு ஒரு சுற்று என்று எடுக்க முடிந்தால் புராஜெக்ட்டின் மதிப்பே வேறு.

ஒரு பாட்டிலில் லேபின் சுத்தமான நீரை நிரப்பி ஆற்றங்கரைக்கு எடுத்துப் போங்கள், அங்கே திறந்து, மற்ற பாட்டில்கள் திறந்திருக்கும் நேரம் வரை வைத்து, மூடிக் கொண்டு வாருங்கள். அதுதான் 'ஃபீல்டு பிளாங்க்'. பலர் பெட்டியில் இடம் இல்லை என்று முதலில் விட்டுவிடுவது இதைத்தான். ஆற்று நீரில் 80 நானோகிராம் பிஸ்பீனால் ஏ என்று உங்களுக்கு வந்து, பிளாங்க்கிலும் 70 வந்தால், நீங்கள் ஆற்றை அளக்கவே இல்லை. பிளாங்க் இல்லாமல் கொடுக்கும் எண்ணை நான் படிக்கக்கூட மாட்டேன்.

பிறகு ஐஸ் பெட்டி. பாக்டீரியா வழியிலேயே ஈஸ்ட்ரோனைத் தின்றுவிடும், ஆகவே அமிலம் சேர்த்து பி.எச். 2–3-க்குக் கொண்டு வாருங்கள், சீக்கிரம் பிரித்தெடுங்கள். குழாய் நீரையும் ஒப்பிட எடுப்பதாக இருந்தால் அதில் குளோரின் இருக்கும், பாட்டிலுக்குள்ளேயே அது பிஸ்பீனாலையும் ஈஸ்ட்ரோஜனையும் சிதைத்துவிடும், கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு அதை முதலில் அடக்க வேண்டும். லேபில் ஒரு லிட்டரையும் எச்.எல்.பி. கார்ட்ரிட்ஜ் (கரிமப் பொருளைப் பிடித்து வைக்கும் சிறு குழாய்) வழியாக நிமிடத்துக்கு 5 முதல் 10 மில்லி வேகத்தில் விடுங்கள், அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் பிடிபட வேண்டியது ஓடிவிடும். சில மில்லி மெத்தனாலில் கழுவி எடுத்து, நைட்ரஜனை மெல்ல ஊதி ஒரு மில்லியாகக் குறைத்தால் ஆயிரம் மடங்கு செறிவு கிடைக்கும். ஆயிரம் மடங்கு செறிவாவது உங்கள் அழுக்கும்தான், அதனால்தான் மேலே அவ்வளவு சொன்னேன்.

சாயப்பட்டறை லேபில் வேலை. வெளிநாட்டு பையர்கள் துணியில் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் இல்லை என்று ரிப்போர்ட் கேட்கிறார்கள். எங்கள் கழிவுநீருக்கு 'பீனாலிக் காம்பவுண்ட்ஸ்' டெஸ்ட் எடுக்கிறோம், அதில் சரியாகவே வருகிறது. அதுவே போதாதா? – வாசகர், திருப்பூர்

போதாது, காரணம் அந்த டெஸ்ட்டின் வேதியியலிலேயே இருக்கிறது. வழக்கமாகச் செய்யப்படுவது 4-அமினோஆன்டிபைரீன் முறை. பீனால் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதிக்கு நேர் எதிரே உள்ள பாரா இடத்தில் அது போய்ச் சேர்ந்துதான் நிறம் வருகிறது. நோனைல்ஃபீனாலில் அந்த இடத்தில்தான் நீளமான கார்பன் சங்கிலி உட்கார்ந்திருக்கிறது, பிஸ்பீனால் ஏ-விலும் அந்த இடம் காலியில்லை. இப்படி அல்கைல் தொகுதி பாராவில் இருந்தால் நிறம் வராது என்பது இந்த முறையைப் பற்றி நன்றாகத் தெரிந்த விஷயம். நம் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இல் பீனாலிக் சேர்மங்களுக்கு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்ற கடுமையான வரம்பு இருக்கிறது, அது நல்ல விஷயம்தான், ஆனால் அந்த வரியில் 'சரி' என்று வந்தால் நோனைல்ஃபீனால் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பையர்கள் கேட்பதற்குக் காரணம், 2021 பிப்ரவரி முதல் ஐரோப்பாவுக்குள் வரும் துவைக்கக்கூடிய துணிகளில் இந்த எத்தாக்சிலேட் எடையில் 0.01 சதவீதத்தைத் தொடக் கூடாது. துணியைத் துவைக்கும்போது அது அங்குள்ள ஆறுகளுக்குப் போய்விடுகிறது என்பதுதான் அவர்கள் கவலை. அங்கே துவைக்கும்போது போவதை விட இங்கே பட்டறையில் அலசும்போது எவ்வளவு போகும் என்று நீங்களே அறிவீர்கள். எத்தாக்சிலேட் சுத்திகரிப்பில் சங்கிலி அறுந்து நோனைல்ஃபீனாலாக மாறும், அது சேற்றில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு 2008-இல் ஐரோப்பா ஆற்று நீரில் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம். தண்ணீரை மட்டும் பார்க்காமல் ஸ்லட்ஜையும் சேர்த்துக் கொடுங்கள், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் நோனைல்ஃபீனாலையும் எத்தாக்சிலேட்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். உள்ளே வரும் சோப்பாயில், வெட்டிங் ஏஜென்ட் டிரம்களில் இருந்தும் ஒரு சாம்பிள் எடுத்துப் பாருங்கள், சப்ளையர் தரும் சான்றிதழை மட்டும் நம்பாமல்.

இவ்வளவு கலவையில், இத்தனூண்டு பொருளை மெஷின் எப்படி அடையாளம் காண்கிறது? தப்பாகச் சொல்லாதா? – ஆசிரியர், காரைக்குடி

சொல்லும், அதனால்தான் பல பூட்டுகள். முதலில் எல்.சி. என்ற நீளக் குழாயில் சேர்மங்கள் ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தில் வெளியே வரும். வந்ததை மின்னூட்டம் ஏற்றி எடை பார்க்கிறார்கள். ஈஸ்ட்ராடையோலின் அயனி எடை 271. அந்த எடை உள்ளதை மட்டும் பிடித்து, வாயுவில் மோதவிட்டு உடைத்து, 145, 183 என்ற குறிப்பிட்ட துண்டுகள் வருகின்றனவா, அவை சரியான விகிதத்தில் வருகின்றனவா என்று மறுபடி எடை போடுகிறார்கள். நேரம், முழு எடை, இரண்டு துண்டுகள், அவற்றின் விகிதம் எல்லாம் ஒத்துப்போனால்தான் ஆம் என்று எழுதுவார்கள்.

அளவு சொல்வதுதான் கஷ்டம். ஆற்று நீரில் உள்ள மக்குப் பொருள்கள் சிக்னலை அமுக்கிவிடும், கார்ட்ரிட்ஜிலும் கொஞ்சம் தொலையும். அதற்கு ஒரு அருமையான வழி: கார்பன்-13 அணுக்கள் மூன்று வைத்துச் செய்த ஈஸ்ட்ராடையோலை, தெரிந்த அளவு, ஆரம்பத்திலேயே பாட்டிலில் போட்டுவிடுவார்கள். கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய பத்து ஆடுகளை மந்தையோடு மேய விட்டு, சாயங்காலம் ஆறுதான் திரும்பியது என்றால் மற்றவையும் அதே கணக்கில் தொலைந்திருக்கும் என்று கணக்கிடுவது மாதிரி. வேதியியல் குணம் கிட்டத்தட்ட ஒன்றேதான், எடை மட்டும் மூன்று கூட, அதனால் வழியில் என்ன தொலைந்தாலும் இரண்டும் சேர்ந்தே தொலையும், கடைசியில் கருவி மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளும். இந்தப் பொருள் விலை அதிகம், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கிற லேபின் எண்ணில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஆயிரம் ரசாயனம் இருக்கிறதே, ஒவ்வொன்றாகத் தேடாமல் மொத்தமாக "ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறதா" என்று பார்க்க முடியாதா? – வாசகி, வேலூர்

முடியும், எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஈஸ்ட்டுக்குள் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதத்தின்) மரபணுவை வைத்துவிடுவார்கள். ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் எது வந்தாலும், பெயர் தெரிந்ததோ தெரியாததோ, மஞ்சள் நிற ஊடகம் சிவப்பாகும். 1996-இல் பிரிட்டனில் எட்வின் ரௌட்லெட்ஜ், ஜான் சம்ப்டர் வெளியிட்டது, இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மொத்த விளைவை "இத்தனை நானோகிராம் ஈஸ்ட்ராடையோலுக்குச் சமம்" என்று சொல்லும். எது காரணம் என்று சொல்லாது. நீரில் நச்சு அதிகமாக இருந்தால் ஈஸ்ட்டே செத்துப்போய் 'ஒன்றுமில்லை' போலத் தெரியும், அதனால் செல் உயிரோடு இருக்கிறதா என்று கூடவே பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜனைத் தவிர தைராய்டு, ஆண்ட்ரோஜன் பாதைகளைக் கெடுப்பவையும் உண்டு, அவற்றுக்கு வேறு செல்கள் வேண்டும். நம் ஊரில் நூறு இடங்களை இதில் சலித்து, சிவக்கிற பத்து இடங்களுக்கு மட்டும் விலையுயர்ந்த கருவியைப் பயன்படுத்தலாம்.

என் மகளுக்கு எட்டு வயதிலேயே பருவ மாற்றங்கள் தெரிகின்றன. தண்ணீர்தான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டுத் தண்ணீரை டெஸ்ட் செய்யட்டுமா? – வாசகி, மதுரை

அம்மா, முதலில் குழந்தையை ஹார்மோன் நிபுணரிடம் கூட்டிப் போங்கள், தண்ணீர் டெஸ்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். காரணங்கள் பல இருக்கலாம், சிலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, நாள் தள்ளினால்தான் சிரமம்.

தண்ணீரைப் பற்றிய பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். லிட்டருக்கு 1 நானோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையோல் உள்ள நீரை ஒருவர் தினம் இரண்டு லிட்டர் குடித்தால், 30 மைக்ரோகிராம் கொண்ட ஒரே ஒரு கருத்தடை மாத்திரையின் அளவை எட்ட 41 வருடம் ஆகும். மீன்களின் நிலை வேறு, அவை இரவும் பகலும் அதிலேயே மூச்சு விடுகின்றன. கனடாவில் ஓர் ஆராய்ச்சி ஏரியில் 2001 முதல் மூன்று கோடையில் 5–6 நானோகிராம் மட்டும் கலந்து பார்த்தார்கள், அங்கிருந்த சிறு மீன் இனம் ஏறக்குறைய அற்றுப்போனது. இந்த ஹார்மோன்களை ஆற்றில் அளக்க வேண்டும் என்று நான் சொல்வது பெரும்பாலும் அந்த மீன்களுக்காகத்தான்.

பிஸ்பீனால், தாலேட் போன்றவை குழந்தைகளுக்குப் போய்ச் சேரும் முக்கிய வழி குடிநீர் இல்லை, உணவும் அதைத் தொடுகிற பிளாஸ்டிக்கும். 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பிஸ்பீனால் ஏ-வின் தினசரி அளவை முன்பிருந்ததில் 20,000-இல் ஒரு பங்காகக் குறைத்தது. ஆகவே டெஸ்ட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை வேறு விதமாகச் செலவிடுங்கள். சூடான சாம்பார், ரசத்தை கேரி பேக்கில் வாங்காமல் தூக்கு கொண்டு போங்கள், மகளுக்கு எவர்சில்வர் பாட்டிலும் டப்பாவும் கொடுங்கள், கேன் தண்ணீர் வாங்கினால் வெயிலில் நிற்காத கேனாகப் பார்த்து வாங்கி வந்தவுடன் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். மருத்துவர் இதைத் தாண்டி ஏதாவது சந்தேகப்பட்டு, குறிப்பிட்ட ஒரு ரசாயனத்தின் பெயரைச் சொன்னால் எழுதுங்கள், அதை எங்கே, எந்தப் பாட்டிலில் எடுத்துக் கொடுப்பது என்று சொல்கிறேன்.